மொனசைட் கூல்பார்

வல்வெட்டித்துறையில் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். எதிர்க்கடைப் பலகையில் ‘மொனசைட் கூல்பார்’ என்றிருக்கிறது. கனிமவியல் கற்பிக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. கதிர்வீச்சுள்ள, அரிய தனிமங்கள் கொண்ட கனிமத்தின் பெயர் அது.

பலகையைப் பார்த்துச் சிரித்தபடியே கடைக்குள் போகிறேன். கடைக்கார அம்மா சோடாவை நீட்டுகிறார். “யூனிவேர்சிற்றியிலை படிச்ச என்ரை மகள் வச்ச பேர். கடை திறந்த கிழமையே கனடா போயிட்டாள். இப்ப நான் மட்டும்தான். உந்தப் பேருக்கு என்ன கருத்து, தம்பி?”

தெரிந்ததைச் சொல்லிவிடும் அவசரம் எனக்கு. “கிரேக்கச் சொல், அம்மா. தனித்திருப்பது என்று அர்த்தம். அதன் பளிங்குகள் முதலில் ஒவ்வொன்றாகத்தான் கிடைத்தனவாம்.”

அவர் பலகையை அண்ணாந்து பார்க்கிறார். “அப்ப, தெரிஞ்சுதானோ வச்சவள்?”

சோடாவுக்குக் காசை வைக்கிறேன். பேருந்து வருகிறது, ஏறிக்கொள்கிறேன். அரிய பொருள் கொண்டது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை.