கடைசிப் பத்தியில் ஒரு டிபன் பாக்ஸ்

செய்தித்தாளில் வெட்டுவது என்றால் கீழிருந்துதான். இடம் போதவில்லையா, கடைசிப் பத்தி போகும். இன்னும் போதவில்லை என்றால் அதற்கு முந்தையது. நிருபர்களுக்கும் இது தெரியும் என்பதால் முக்கியமானதை எல்லாம் மேலேயே வைத்துவிடுவார்கள். உதவி ஆசிரியர் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்த எனக்கு, எழுத்து என்றால் தலை கனமாகவும் வால் மெலிந்தும்தான் இருக்கும் என்று பழகிப்போயிருந்தது.

தாம்பரம் தடத்தில் அகலப்பாதை ரயில் வந்த புதிது. காலையில் பெண்கள் பெட்டியில் நாங்கள் சிலர் வழக்கமாக ஒரே இடத்தில் உட்காருவோம். அதில் ஒருத்தி ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் தாம்பரம் வந்து ரயில் ஏறுவாள். பாரிமுனையில் இன்சூரன்ஸ் அலுவலக வேலை. கதை எழுதுவாள். அதுவரை அனுப்பிய இரண்டும் திரும்பி வந்திருந்தன. தபால்காரர் நம் வீட்டுக்குத்தான் நிறைய நடக்கிறார் என்று கணவர் கிண்டல் செய்வாராம். மூன்றாவது கதையை ஒரு வார இதழின் போட்டிக்கு எழுதியிருந்தாள். இதுவும் திரும்பி வந்தால் எழுதுவதை விட்டுவிடுவேன் என்றாள். சொல்லும்போது சிரிக்கவில்லை. போட்டிக்கு ஆறு பக்கம்தான் அனுமதி, அவளுடையது எட்டு. குறைத்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

கதை சின்னதுதான். மழை நாளில் வேலை முடிந்து அடுக்ககத்துக்குத் திரும்பும் ஒரு பெண், வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருப்பதைப் பார்க்கிறாள். உள்ளே டிவி சத்தம் கேட்கிறது. பெல் அடிக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். ஏறி இறங்கும் பக்கத்து வீட்டார் விசாரிக்க, ஆளுக்கொரு காரணம் சொல்கிறாள். எல்லாரும் போன பிறகு பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து, மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மூடியை இறுக்கிவிட்டு எழுந்து பெல் அடிக்கிறாள். இதற்கெல்லாம் முன்னால், முதல் இரண்டு பக்கங்களில், அன்று காலை கணவன் அவளிடம் சொன்ன சொற்கள்.

நான் வழக்கம்போல் வாலை வெட்டினேன். கடைசியாக வந்து விசாரிக்கும் பக்கத்து வீட்டுக்காரரோடு கதை முடிந்தது. ஒருத்தி சாப்பிட்டாள் என்பதில் என்ன செய்தி இருக்கிறது?

அவள் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "அவள சாப்பிட விடமாட்டியா நீ?"

அப்படியானால் முதல் இரண்டு பக்கத்தை எடுத்துவிடலாம் என்றேன். அதற்கு இன்னும் கோபம் வந்தது. "காலையில என்ன நடந்துச்சுன்னு தெரியலன்னா, தப்பு இவ மேலதான்னு சொல்லிடுவாங்க." அவள் கதை எழுதியதே அதற்காகத்தான் என்று அப்போது புரிந்தது. அந்த மாடிப்படி யாருடையது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை, வெட்டாத எட்டுப் பக்கத்தையும் பெட்டியில் உரக்கப் படிப்பது, எது வேண்டாம் என்று கேட்பவர்களே சொல்லட்டும் என்று முடிவானது. ரயில் தாம்பரத்தை விட்டதும் நான் ஆரம்பித்தேன். எதிர் இருக்கையில் தினமும் பூ கட்டிக்கொண்டே வரும் அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். சானடோரியம் தாண்டி குரோம்பேட்டை வருவதற்குள் இரண்டு பக்கம் முடிந்துவிட்டது.

குரோம்பேட்டையில், பெட்டியில் நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுபவர் ஏறினார். பெரியமேட்டில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்ப்பவர். "இன்னாது, கதையா?" என்று கேட்டபடி பூக்கார அம்மாவை நகர்த்தி இடம் பிடித்தார். முன்கதையை யாரும் சொல்லவில்லை. நான் மூன்றாம் பக்கத்தைத் தொடர்ந்தேன்.

இரண்டாவது பக்கத்து வீட்டார் வந்து போனதும் அக்கா பொறுக்கமாட்டாமல் சொன்னார். "இன்னா கொழுப்பு பாரு இவளுக்கு. பெல்லு அடிச்சா தொறக்கப் போறாங்க."

என் தோழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பயந்தது நடந்துவிட்டது. "காலையில என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாது" என்று பூக்கார அம்மா ஆரம்பிக்க, நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஒரே கதை, ஒரே இருக்கை, காரணம் தெரிந்த ஒருவரும் தெரியாத ஒருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இது எங்கே போகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. காரணம் தெரிந்தவர் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தெரியாதவர் திட்டிக்கொண்டே முன்னால் சாய்ந்துவிட்டார்.

டிபன் பாக்ஸ் பத்தியைப் படித்து முடித்தபோது கிண்டி வந்திருந்தது.  ரயில் மறுபடி நகர்ந்த பிறகுதான் அக்கா கேட்டார்.

"அப்போ மத்தியானம் அவ சாப்பிடலியா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"காலையிலயே அவன் இன்னாவோ சொல்லிகீறான். நீ சம்பாரிச்சுதான் இந்த வூடு ஓடுதான்னு கேட்டிருப்பான். அந்தப் பேச்சு தொண்டையிலயே நிக்கும்மா. சோறு எறங்காது."

என் கையில் இருந்த முதல் இரண்டு பக்கத்தில் கணவன் சொன்னது வேறு. ஆனால் அக்கா சொன்னதும் கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு பக்கம் சொன்னதை, தொடாத மத்தியானச் சாப்பாடு சொல்லிவிட்டது. மிச்சத்தை அக்கா தன் வீட்டிலிருந்தோ வேறு யார் வீட்டிலிருந்தோ கொண்டுவந்து போட்டுக்கொண்டார். கொழுப்பு என்று சொன்ன அதே வாய்தான்.

தோழி தாள்களை என்னிடமிருந்து வாங்கினாள். முதல் இரண்டை உருவி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். மூன்று என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள். அன்று மத்தியானமே தபாலில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள்.

பரிசு கிடைக்கவில்லை. பிரசுரத்துக்குத் தேர்வான கதைகளில் ஒன்றாகச் சில மாதம் கழித்து வந்தது. தாம்பரம் பிளாட்பாரக் கடையில் இதழை வாங்கியதும் அவள் முதலில் பார்த்தது கடைசிப் பத்தியைத்தான். டிபன் பாக்ஸ் இருந்தது. அதற்குப் பிறகுதான் தலைப்பையும் தன் பெயரையும் பார்த்தாள்.

ரயிலில் இதழ் கைமாறியது. பூக்கார அம்மாவுக்குத்தான் மனக்குறை. "ஆரம்பத்தையே காணோமே, பாதிக் கதையத்தான் போட்டிருக்கான்" என்றார்.

குரோம்பேட்டை அக்கா இதழை வாங்கி, முதல் வரியிலிருந்து விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எனக்கு முழுசா கீதே" என்றார்.