ஒரே கவரில் போட்ட மருந்து

கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குப்பி, மஞ்சள் மூடி. ஊர் ஊராகச் சுற்றும் என் பையில் எத்தனையோ பொருள்கள் வந்து போய்விட்டன. இது மட்டும் போகவில்லை. பரிசல்காரரின் கண்ணில் காலையும் மாலையும் இதிலிருந்து சொட்டு விட்டவன் நான்தான்.

ஒகேனக்கல்லில் அப்போது எண்ணெய் தேய்த்துவிடும் வேலையில் இருந்தேன். அவர் பரிசல் ஒதுங்கும் பாறையில்தான் நான் பாட்டில்களைப் பரப்புவேன். அவருக்கு ஆஸ்துமா, ஊர்ப் பேச்சில் இழுப்பு. இன்ஹேலரை லுங்கி மடிப்பில் ஒளித்து வைத்திருப்பார். பாறை மறைவில் திரும்பி நின்று உறிஞ்சுவார். "மூச்சு வாங்கறவன் பரிசல்ல எவன்டா உக்காருவான்?" என்பார்.

கண் முகாமில் அவர் கண்ணில் அழுத்தம் என்று சொல்லி இந்தச் சொட்டு மருந்தைக் கொடுத்தார்கள். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று மேசையில் இருந்த பெண் நிமிராமல் கேட்டாள். "இல்லீங்க" என்றார். அது பொய்யில்லை. அவர் மாத்திரை சாப்பிடவில்லை, உறிஞ்சினார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்ஹேலர் அடித்தால் அவருக்குக் கை நடுங்கும். "உன்னுது எண்ண தேச்ச கை, தடுமாறாது. நீயே ஊத்துடா" என்று பாறையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். நாலைந்து நாளில் இழுப்பு கூடியது. இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. "தண்ணிக் காத்துடா, வேற ஒண்ணுமில்ல" என்றார். பென்னாகரம் மெடிக்கலில் புது இன்ஹேலரும், முகாமில் தந்தது தீருமுன் இருக்கட்டும் என்று இன்னொரு குப்பி சொட்டு மருந்தும் நானே வாங்கினேன். கடைக்காரர் இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தார். அந்தக் கவரை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். படித்த மனிதர். இரண்டு பெட்டிகளையும் கையில் எடுத்துப் பார்த்தவர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாள் நடு ஆற்றில் துடுப்பை நழுவவிட்டார். வேறு பரிசல்காரர்கள் கரைக்கு இழுத்து வந்தார்கள். தர்மபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் குப்பியைத் தூக்கிப் பிடித்து, "இழுப்பு இருக்கற ஆளுக்கு இத யாருய்யா ஊத்தினது?" என்று கத்தினார். "நான்தாங்க." கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்குமாம், இன்ஹேலரையும் வேலை செய்ய விடாதாம். பொழுது சாய்வதற்குள் அவர் போய்விட்டார்.

பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இதெல்லாம் இருக்கிறதாம், எறும்பு ஊர்வது போன்ற இங்கிலீஷில். ஏழாவதோடு நின்றவன் நான். அந்தத் தாளில் எண்ணெய்க் கையைத் துடைத்திருக்கிறேன்.

போன மாதம் கடத்தூரில் ஒரு மெடிக்கலில் நின்றேன். முன்னால் ஒரு அம்மா முட்டிவலிக்கு மாத்திரை கேட்டார். அவர் மூச்சில் எனக்குத் தெரிந்த அதே விசில். பையன் எதுவும் கேட்காமல் மாத்திரையைக் கவரில் போட்டான். நான் குப்பியை மேசைமேல் தட்டி வைத்தேன்.

"அந்தம்மாவுக்கு இழுப்பு இருக்கான்னு கேட்டியா?"

"உனக்கென்னய்யா வந்துச்சு?"

"கேளுடா."

கேட்டான். "ஆமாங்க, மருந்து உறிஞ்சறனுங்க" என்றார் அந்த அம்மா. அவன் முகம் மாறியது. "இழுப்பு இருக்கறவங்கள்ல சிலருக்கு இது ஆகாதுங்க, டாக்டரக் கேட்டுட்டு வாங்க" என்று கவரிலிருந்து மாத்திரையை வெளியே எடுத்தான்.

கேட்பதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது. குப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதில் இன்னும் பாதி மருந்து இருக்கிறது.