தெரு மோட்டாரும் இரண்டு கட்சிகளும்

எண்பதுகளின் கடைசியில் ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பேரூராட்சியில் குடியிருந்தோம். கம்பெனியில் எனக்கு மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை. மனைவிக்கு ஏழாவது மாதம். அந்தச் சித்திரையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் புகைந்து நின்றது. அவள் நெடுஞ்சாலையைத் தாண்டிப் போய், ஒரு தோட்டத்துக் கிணற்றில் குடம் நிரப்பி வந்தாள். லாரிகளுக்கு நடுவே அவள் கடப்பதை நினைத்தால் எனக்கு வேலையில் கை ஓடாது.

பேரூராட்சி ஆபீசில் போய்க் கேட்டேன்.

"பட்ஜெட்டே பாஸ் ஆவலைங்க. எதை வெச்சு ரிப்பேர் பண்றது?" என்றார் கிளார்க்.

பட்ஜெட் கூட்டத்தையும் ஒருநாள் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். ஒரு கட்சி உட்கார்ந்தால் மற்றது வெளிநடப்பு. தமிழில் பேசினால் மினிட்ஸில் ஏறிவிடும் என்று, திட்டுவதை மட்டும் தெலுங்கில் வைத்துக்கொண்டார்கள். பதிவேட்டைப் புரட்டினால் அத்தனை பேரும் உத்தமர்கள். வெட்கங்கெட்ட கூட்டம். மோட்டார் ரூம் சுவரில் இரண்டு தட்டிகள் வேறு. தண்ணீரை நிறுத்தியது அவர்கள் என்றது ஒன்று. இல்லை, இவர்கள்தான் என்றது மற்றது. தட்டி எழுத மட்டும் யாருக்கும் பட்ஜெட் தேவைப்படவில்லை.

ஒருநாள் அவள் குடத்தோடு சாலையோரம் சறுக்கி விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. அந்த வாரமே சனி, ஞாயிறு இரண்டு நாளும் கம்பெனி நண்பர்கள் இருவரோடு உட்கார்ந்தேன். மோட்டாரைக் கழற்றி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் காயவைத்து மாட்டினோம். குழாயில் தண்ணீர் வந்ததும் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டே அழுதாள்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் விடாமல் வந்தார்கள். யாரும் வெளியேறவில்லை, யாரும் தெலுங்குக்குத் தாவவில்லை. பொதுச் சொத்தில் கைவைத்த என்மீது நடவடிக்கை எடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். பட்ஜெட் அன்றும் நிறைவேறவில்லை.

நோட்டீசைக் கொடுக்கக் கிளார்க் வெயிலில் வீடு தேடி வந்தார். தண்ணீர் கேட்டார். மனைவி சொம்பை நீட்டினாள்.

"குடிங்கண்ணா. குடிச்சிட்டு, இது எந்தக் கட்சித் தண்ணின்னு சொல்லிட்டுப் போங்க."