விமானம் எங்க ஊர்ல நிக்குமா?

இன்று காலை ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் மலையைச் சுற்றிப்பார்க்க வந்த வேலூர்க்காரர் ஒருவர். வளைவுகளில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே, செல்போனை என்னிடம் நீட்டினார்.

"பாருங்க சார், வேலூர் ஏர்போர்ட்டுல இருந்து சேலம் ஏர்போர்ட்டுக்கு ஃப்ளைட்டுல அரை மணி நேரம்தானாம். இந்த மலை ஏறவே ஒன்றரை மணி நேரம் ஆவுது. எப்படித்தான் இங்க இருக்கீங்களோ!"

அந்த வழியில் விமானம் போகிறதா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம். நேரம் மட்டும் தயார்.

மேப்பில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நேர்கோடு. அது எங்கள் மலைமேலேயே போனது.

முன் சீட்டில் சாமை மூட்டையோடு இருந்த எங்கள் ஊர் அக்கா திரும்பி அந்தக் கோட்டைப் பார்த்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, அந்த மூட்டையோடு இன்னும் ஒரு மணி நேரம் அவர் நடக்க வேண்டும்.

"எங்க மலைமேலதான போவுது? எங்க ஊர்ல நிக்குமா?"

"ஃப்ளைட் எப்படிம்மா நடுவுல நிக்கும்?"

"நிக்காதுன்னா இன்னாத்துக்கு எங்க தலைமேல போவணும்? சுத்திக்கினு போவச் சொல்லுங்க!"

பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

நானும் அக்கா கட்சிதான். ஆட்சேபம் உள்ளவர்கள் கமெண்டில் சொல்ல வேண்டாம், நேரில் வாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேர நடைதான்.