திருமணமானோர் நீச்சல்

தென்னையில் கட்டியிருந்த அந்த ஒலிபெருக்கியை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது கூசுகிறது. அதன் வாய் ஆற்றைப் பார்க்காமல் ஊரைப் பார்த்தபடி இருந்தது. ஏனப்பா இப்படிக் கட்டினாய் என்று கேட்டேன். "ஆத்துப் பக்கம் திருப்பினா மீனுக்கா கேட்கிற?" என்றான் கட்டியவன். அதுவும் நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். கல்முனையை அடுத்த எங்கள் ஊரில், சூறாவளி அடித்ததற்கு மறு வருடம், வளர்ந்த ஆண்களுக்கென்று ஒரு நீச்சற் போட்டி வைத்தோம். விளையாட்டுக் கழகத்துக்கு நான்தான் செயலாளர். ஊருக்கு மேற்கே பரந்து கிடக்கும் களப்பு நீரைத்தான் நாங்கள் ஆறு என்போம்.

பெரியநீலாவணை மீனவர்களிடம் இரவல் வாங்கிய வலைக் கயிறுகளை மிதவைகளோடு இழுத்துக் கட்டிப் பாதைகள் பிரித்தோம். முடிவிடத்தில் ஒரு தோணியை நிறுத்தி நேரம் பார்ப்பவர்களை அதில் உட்கார்த்தினோம். அதுவரை எல்லாம் ஒழுங்கு. வளர்ந்தவர்களை வயதுப்படி பிரித்து நீந்தவிட வேண்டும் என்று கொழும்பிலிருந்து வந்த விதிப் புத்தகம் சொன்னது. எங்கள் ஊரில் யாருக்குத் தன் வயது தெரியும்? பெரிய வெள்ளத்தில் நான் தவழ்ந்தேன் என்கிறார் ஒருவர். அவருக்கு இளையவர், அப்போதே தோணி தள்ளினேன் என்கிறார். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கழகத் தலைவர்தான் வழி சொன்னார். அவர் ஓய்வுபெற்ற அதிபர். "என்னத்துக்கு இந்தக் கரைச்சல்? புட்போல் மெச்சுல பிரிக்கிற மாதிரிப் பிரி. கலியாணம் முடிச்சவன் ஒரு பக்கம், முடிக்காதவன் மறுபக்கம்." அடடா, இவ்வளவு சுலபமா என்று மகிழ்ந்தேனே! பக்கத்துக்கு ஒரு போட்டி, ஒருவர் ஒரு தடவைதான் நீந்தலாம் என்று அறிவித்தும் விட்டேன். மச்சானைப் பற்றி நினைக்கவே இல்லை.

மச்சான் என் தங்கைக்குக் காவின், அதாவது கலியாணப் பதிவு, எழுதியவர். நிக்காஹ் முடிந்துவிட்டது, மார்க்கப்படி அவர்கள் கணவன் மனைவி. ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்து, ஊருக்குச் சோறு போட்டால்தான் கலியாணம். தங்கைக்குக் கட்டிய வீட்டின் ஓடுகளைச் சூறாவளி கொண்டுபோய்விட்டது. தென்னங் கிடுகால் கூரை மேய்ந்து அழைப்போம் என்றால் வாப்பா கேட்கவில்லை. "ஓடு போடாம மாப்பிள எடுக்க மாட்டன்" என்று ஒரே பிடியாக நின்றார். எல்லோர் வீடும் திறந்து கிடந்த காலத்தில் ஓட்டுக்கு எங்கே போவது? மச்சான் அவர் தாய் வீட்டில், தங்கை எங்கள் வீட்டில். அந்தத் தாய் மருதமுனையில் ஓட்டு வீட்டோடு வேறொரு பெண் பார்க்கிறாராம் என்று கதை வந்தது. கதைதான். ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து தங்கை ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

போட்டியன்று மச்சான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஊரிலேயே நல்ல நீச்சல்காரர் என்பதால் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இழுத்தது. துஆ ஓத வந்திருந்த மௌலவி, "காவின் எழுதினா முடிஞ்சதுதான்" என்றார். "அப்ப எங்களுக்குச் சோறு எங்க மௌலவி?" என்றான் முடிக்காதவர்களில் ஒருவன். கரை முழுக்கச் சிரிப்பு. தலைவர் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். முடிக்காதவர் வரிசையில் விட்டால், பெண்ணின் கூடப்பிறந்த காக்காவே காவினை இல்லையென்றான் என்று ஊர் கதைக்கும். முடித்தவர் வரிசையில் விட்டால், அப்படியென்றால் பொஞ்சாதி ஏன் வாப்பா வீட்டில் இருக்கிறாள் என்று கேட்கும். நீங்களே ஒரு பக்கம் சொல்லுங்கள் என்று மச்சானிடமே விட்டேன்.

"நான் யாரு எண்டு நீங்க சொல்லுங்க மச்சான். ஒரு வருசமா எனக்கும் விளங்குதில்ல," என்றார்.

மேசையில் மைக் திறந்தபடி கிடந்தது. அவர் சொன்னது தென்னை மேலிருந்து ஊர் முழுக்கப் போனது. மச்சான் தண்ணீரில் இறங்கி, எந்தப் பாதையிலும் இல்லாமல், இடுப்பளவில் போய் நின்றார். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை.

நாங்கள் ஆளுக்கொரு விதி பேசிக்கொண்டிருக்கும்போது வாப்பா வந்தார். வேகமாக நடந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. என்னை ஏறிட்டும் பார்க்காமல் தண்ணீர் ஓரம்வரை போய், கையிலிருந்த புதுச் சாரனை நீட்டினார். "மருமகன், புள்ள தந்தனுப்பினா. ஈரத்தோட நிக்காம மாத்திட்டு ஊட்டுக்கு வரட்டாம்."

மச்சான் சாரனைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி விம்மிவிட்டார். உடுப்பை மாற்றிக்கொண்டு வாப்பாவின் பின்னால் அவர் நடக்க, ஒரு பாதை வெறுமையாகவே கிடக்க நான் விசில் ஊதினேன். யார் வென்றார்கள் என்பது எனக்கு நினைவில்லை. அந்த வாரமே புது வீட்டுக்குக் கிடுகு மேய்ந்து, ஊருக்குச் சோறும் போட்டோம்.

வாப்பா மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. மச்சானுக்கும் தலை நரைத்துவிட்டது. போன பெருநாளன்று அவர் பேரப்பிள்ளைகளிடம், "உங்கட உம்மம்மா ஊரறியச் சாரன் அனுப்பி என்னைக் கூப்பிட்டவ" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். நான் குசினிக்குள் போய், உனக்கு அன்றைக்கு எங்கிருந்து அவ்வளவு துணிச்சல் வந்தது என்று தங்கையிடம் கேட்டேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, குரலையும் குறைத்தாள்.

"நான் எங்க, காக்கா, அனுப்பின? நான் அறைக்குள்ள குப்புறப் படுத்து அழுதுகொண்டெல்லா கிடந்தன். அது வாப்பாட பெருநாள் சாரன். இவர் அதை உடுத்துக்கொண்டு வாசல்ல வந்து நிக்கக்குள்ளதான் எனக்கே தெரியும். இவருக்கிட்ட சொல்லிராதீங்க."