மூன்று வாரம் மறைத்த சீட்டு

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்திருந்தார்கள். மறுவாரம் போனபோது நர்ஸ் சீட்டைக் கொடுத்து, "பால்வினை நோய் இருக்குதுங்க. உங்க ஊட்டுக்காரரோட வந்து டாக்டரம்மாவைப் பாருங்க" என்றார்.

எய்ட்ஸ்தான் என்று முடிவு செய்துவிட்டேன். டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்து, சீட்டைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். கணவர் என்னைச் சந்தேகப்படுவார் என்ற பயத்தில் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. குழந்தை அசையும்போதெல்லாம் அதற்கும் தொற்றியிருக்குமோ என்று நினைத்தேன். என் தட்டையும் டம்ளரையும்கூடத் தனியாக வைத்துக்கொண்டேன்.

அதைக் கவனித்த கணவர், "ஏன் அம்மிணி, தனித் தட்டு?" என்று கேட்டார். அழுதபடி சீட்டைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"உன்மேல தப்பில்ல. கல்யாணத்துக்கு முந்தி, பனியன் சரக்கு ஏத்திக்கிட்டு பம்பாய் போனப்ப தப்புப் பண்ணிட்டேன். புண்ணு வந்துச்சு. தானா ஆறிருச்சுன்னு உட்டுட்டேன்."

மறுநாளே இருவரும் போனோம்.

"இது எய்ட்ஸ் இல்லம்மா, மேகநோய். சிபிலிஸ்னு சொல்லுவாங்க. ஊசி போட்டா குணமாயிரும். ஆனா இன்னும் தள்ளிப்போட்டிருந்தா குழந்தை தங்கியிருக்குமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

இருவரும் வாரம் ஒன்றாக ஊசி போட்டுக்கொண்டோம். மகள் பிறந்து, அவள் ரத்தத்தில் நோய் இல்லை என்று சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரை மன்னிக்க வெகுநாளானது. இப்போது யாருக்கு எந்த மருத்துவச் சோதனை என்றாலும் இருவரும் சேர்ந்தே போகிறோம். டாக்டர் சொல்லும் விவரம் முழுதாகப் புரியும்வரை நான் அவர் எதிரே உள்ள நாற்காலியை விட்டு எழுவதில்லை.