கேக்கில் செய்த பெண்

இந்த நாட்டில் பிள்ளைக்குப் பனி உடுப்புப் போடுவது ஒரு தனி வேலை. கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டு, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. அதைத் தரையில் விரித்து, பிள்ளையை அதன்மேல் இருத்தி, இடது காலை முதலில் விட வேண்டும். நான் வலது காலைப் பிடித்தால் என் மகள் அக்சரா "நை, ஃபா" என்பாள். இல்லை அப்பா என்று அர்த்தம். சிப்பை இழுத்து, சப்பாத்துக்கு அடியில் ரப்பர் பட்டியை மாட்டி, கையுறையைச் செருகி முடிக்கும்போது "மூத்திரம்" என்பாள். அதை மட்டும் தமிழில் சொல்லுவாள். திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள், எவ்வளவு பனி கொட்டினாலும் இங்கே பாலர் பள்ளியில் பிள்ளைகளை வெளியில்தான் விளையாட விடுவார்கள்.

இதெல்லாம் தாரணி செய்த வேலை. தாரணி என் மனைவி. கார்த்திகையில் செத்துப்போனாள். விடியப்புறம் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனவள், புதுப்பனிக்குக் கீழே கிடந்த ஐஸில் சைக்கிள் சறுக்கி, பின்னால் வந்த வான் வண்டியின் சில்லுக்குள் விழுந்துவிட்டாள். இதற்குமேல் அதை எழுத எனக்கு வராது.

நான் கிளிநொச்சிப் பக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சண்டை, ஓட்டம், பிறகு முகாம். வெளியே வந்து லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு மெஷின் ஓட்டினேன். தாரணி டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவள். கோயில் திருவிழாவுக்குத் தாயோடு வந்தவள் என்னைப் பார்த்து, தானாகவே விரும்பி, தானாகவே முடிவெடுத்தாள். அவளின் தாய்க்கு, என் மாமிக்கு, அது இன்றைக்கும் செமிக்கவில்லை.

கலியாணம் முடித்து இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நான் பனியை அள்ளி வாயில் போட்டேன். "நாய் மூத்திரம் பெய்ஞ்ச இடமப்பா அது" என்று தாரணி ரோட்டில் நின்று சிரித்தாள். அடுத்த குளிரில் அக்சரா பிறந்தாள். இங்கத்தைய பழக்கப்படி பிள்ளையைத் தள்ளுவண்டியில் போர்த்தி பல்கனியில் தூங்க வைத்தாள். நான் கண்ணாடிக் கதவைத் திறந்து திறந்து பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி நின்றேன். "கதவைச் சாத்துங்கோ, வீட்டுச் சூடெல்லாம் போகுது" என்று உள்ளே இருந்து கத்துவாள். பிள்ளை வளர்ந்த பிறகு பனிக்காலத்தில் கடைக்குப் போவதென்றால் சறுக்குவண்டிதான். முன்னால் அக்சரா, பின்னால் உருளைக்கிழங்குப் பை, கயிறு என் கையில். தாரணி கையை வீசிக்கொண்டு பக்கத்தில் வருவாள்.

அக்சரா டேனிஷில்தான் கதைப்பாள். எனக்கு அதில் பாதி விளங்கும். மிச்சத்தைத் தாரணி சொல்லுவாள். நான் சொல்வதையும் பிள்ளைக்கு அவள்தான் திருப்பிச் சொல்லுவாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் இருந்து கதையைக் கை மாற்றிக்கொண்டிருந்தது என்பது அவள் இல்லாத அன்றுதான் எனக்கு உறைத்தது. செத்தவீட்டுக்கு வந்த சனம் போன பிறகு அக்சரா என்னிடம் நீளமாக ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து பல்கனியில் சோறு வைத்தோம். இங்கத்தைய காகம் முழுக்கக் கறுப்பில்லை. தலையும் செட்டையும் கறுப்பு, உடம்பு சாம்பல். மாமி அதைப் பார்த்து, "இது காகமே? வேற ஏதோ" என்றா. ஆனால் அது வந்து தின்றது.

அன்றைக்கே மாமி கதையைத் தொடங்கினா.

"தம்பி, குறை நினைக்காதையும். பிள்ளை எங்களோட டோஸ்ட்ருப்பில இருக்கட்டும். நீர் சனி ஞாயிறு வந்து பாரும்."

"ஏன் மாமி?"

"ஏனெண்டு கேக்கிறீர். பிள்ளை என்ன சொல்லுது எண்டு உமக்கு விளங்குதே? பள்ளிக்கூடத்தில கூப்பிட்டுக் கதைச்சா யா யா எண்டு தலையாட்டிப்போட்டு வருவீர்."

"பழகிடுவன் மாமி."

"எப்ப? அவள் கலியாணம் முடிக்கேக்கையோ?"

மாமி விடவில்லை. "இந்த நாடு உமக்குத் தெரியாது தம்பி. பொல்லாப்பில்லை, தெரியாது, அவ்வளவுதான். தை முடிய வந்து கூட்டிக்கொண்டு போறன்." மாமா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

தை மாதத்தில் அக்சராவின் பிறந்தநாள் வருகிறது. இங்கே பாலர் பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால், வகுப்பே வரிசையாக நடந்து அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு வரும். கிர்ஸ்டன் என்ற ரீச்சர் என் தோளில் கை வைத்து, "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டா. "அக்சரா நல்லாச் சாப்பிடுறாள்" என்றேன். பிறகு, பிறந்தநாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா, அக்சரா ஒவ்வொரு நாளும் கேட்கிறாள் என்றா. ஓம் என்றேன்.

மாமி ஃபோன் எடுத்தா. "இந்த வருசம் ஒண்டும் வேண்டாம். பொங்கலுக்கே பொங்காத வீடு." அதற்கும் ஓம் என்றேன்.

அக்சராவுக்கு ஒரே ஒரு ஆசை. கேக்கில் செய்த பெண். ஆண்பிள்ளைக்குக் கேக்கில் ஒரு ஆண், பெண்பிள்ளைக்கு ஒரு பெண், அதுதான் இந்த நாட்டுப் பிறந்தநாள். கையும் காலும் விரித்துப் படுத்திருக்கிற மாதிரிச் செய்து, மேலே இனிப்புகளால் அலங்கரிப்பார்கள். முந்தின வருசங்களில் தாரணி அதைச் செய்தபோது நான் லோண்டரி வேலையில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளோடு நின்றேன். போன வருசம் வீட்டுக்கு வரும்போது கால்கள் இரண்டும்தான் மிஞ்சியிருந்தன. நன்றாக இருந்தது, தின்றேன். அதற்கு மேல் எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது.

அதை வாங்க அக்சராவோடு இஷொய் பேக்கரிக்குப் போனேன். அங்கே நின்ற பெட்டை, கேக்குப் பெண்ணுக்குத் தலைமயிர் என்ன நிறம் என்று கேட்டாள். அக்சரா கறுப்பு என்றாள். லக்ரிஸ் என்று ஒரு கறுப்பு மிட்டாய், கயிறு மாதிரி இருக்கும். அதில் ஒரு பின்னல் வைத்துத் தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்சரா ஒரு சிவப்பு மிட்டாயை எடுத்து கேக்குப் பெண்ணின் நெற்றியில் ஒட்டினாள்.

பிறந்தநாள் அன்று காலை நல்ல பனி. கீழ்வாசல் வரைக்கும் அக்சரா பனியில் சின்னச் சின்ன சிவப்பு வெள்ளைக் கொடிகளை நட்டாள். பிள்ளைகள் கைகோர்த்து வந்தார்கள். வாசல் நடை முழுக்க ஈரச் சப்பாத்தும் பனி உடுப்பும் குவிந்தன. தாரணியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. ஒரு பெடியன் அதைப் பார்த்து இது உன் அம்மாவா என்று கேட்டான். அக்சரா, ஓம், செத்துப்போனா என்றாள். எங்கட முயலும் செத்தது, தோட்டத்தில கிடங்கு கிண்டித் தாட்டனாங்கள் என்றான் அவன். அம்மாவை எரிச்சது என்றாள் இவள். பெடியன் கொஞ்சம் யோசித்து, முயலை எரிக்க விடமாட்டினம் என்றான். இவ்வளவு டேனிஷ் எனக்கு விளங்கும்.

கேக்கை நடுவில் வைத்தேன். கிர்ஸ்டன் கத்தியை அக்சராவின் கையில் கொடுத்தா. அவள் அதைக் கேக்குப் பெண்ணின் கழுத்தில் வைத்தாள். வைத்ததும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். உயிர்போகிற கத்தல். நான் என்னவோ ஏதோ என்று எழும்பிவிட்டேன். கிர்ஸ்டன் சிரித்துக்கொண்டிருந்தா. அப்போதுதான் விளங்கியது, இதுதான் விளையாட்டு. கழுத்தை வெட்ட வேண்டும். கத்தி அடிவரை போகும்வரை எல்லோரும் கத்த வேண்டும். அக்சரா கத்தியை மெல்ல, மெல்ல இறக்கினாள், கத்தல் நீளட்டும் என்று. சிரித்தாள். கார்த்திகைக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

திரும்பினால், நடையில், ஈரச் சப்பாத்துகளுக்கு நடுவில், மாமி நின்றா. கையில் சாப்பாட்டுப் பை. பேத்தி ஏங்கிப்போவாள் என்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறா. என்னைக் கண்ணால் குசினிக்குக் கூப்பிட்டா.

"இதை நீர் தெரிஞ்சு செய்தனீரோ, தெரியாமச் செய்தனீரோ?"

உள்ளே பிள்ளைகள் பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"தாரணிக்குச் சின்ன வயசில ஒவ்வொரு வருசமும் என்ர கையால இதைச் செய்து குடுத்தனான். கழுத்தை வெட்டமாட்டன் எண்டு அழுவாள். மற்றப் பிள்ளையள் பழிக்கும் எண்டு நான்தான் அவளின்ர கையைப் பிடிச்சு வெட்ட வைக்கிறனான்." குரல் உடையவில்லை. கல் மாதிரி இருந்தது. "இப்ப சொல்லும். அவளின்ர படத்துக்கு முன்னால, பொட்டும் வைச்சு, பின்னலும் விட்டு. தெரிஞ்சோ, தெரியாமலோ?"

தெரியாது என்றால் நான் நல்லவன். ஆனால் இந்த நாடு தெரியாதவன், பிள்ளை டோஸ்ட்ருப்புக்கு. தெரியும் என்றால் பிள்ளை என்னோடு இருக்கலாம், நான் மனிசன் இல்லை.

"தெரிஞ்சுதான் மாமி."

மாமி என் முகத்தையே பார்த்தா. நான் கண்ணை எடுக்கவில்லை.

"சரி," என்றா. "அப்ப உமக்கு நாடு பிடிபட்டிட்டுது."

பையை மேசையில் வைத்தா. உள்ளே போய் அக்சராவைக் கொஞ்சினா. கிர்ஸ்டனோடு டேனிஷில் இரண்டு வார்த்தை கதைத்து, சிரித்தும் விட்டா. பிறகு கொடிகளுக்கு நடுவால் நடந்து காருக்குப் போனா. தை முடிந்தது. பிள்ளையைக் கூட்டிப்போக அவ வரவில்லை. என்னோடு கதைப்பதும் இல்லை. எனக்குத் தெரியாமல்தான் நடந்தது என்று போய்ச் சொல்லலாம். சொன்னால் பிள்ளையைக் கொடுக்க வேண்டும். சொல்லமாட்டேன்.

அன்றைக்குப் பிள்ளைகள் போன பிறகு தட்டில் கேக்குப் பெண்ணின் தலை மட்டும் கிடந்தது. பிறந்தநாள் பிள்ளைக்குத்தான் தலை. அக்சரா அதைத் தின்னவில்லை. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் தாரணியின் படத்துக்கு முன்னால் வைத்தாள், நாங்கள் சோறு படைக்கிற இடத்தில். கொஞ்ச நேரம் விட்டு, படைத்ததை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பல்கனிக் கதவைத் திறந்தேன். பனியின்மேல் தலையை வைத்தாள். எதிர்க் கூரையில் சாம்பல் காகம் ஒன்று இருந்தது.

நான் "கா, கா" என்று கூப்பிட்டேன். அக்சரா என்னைப் பார்த்து "நை, ஃபா" என்றாள். தனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த மாதிரி "க்ரா, க்ரா" என்று கூப்பிட்டாள். நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. இருவரும் குளிருக்குள் நின்று கத்தினோம்.

காகம் வந்தது. முதலில் அந்தச் சிவப்புப் பொட்டைக் கொத்தியது. யார் கூப்பிட்டு வந்தது என்று தெரியவில்லை.